உடைப்பெடுத்த ஆறும் பக்க வாய்க்காலும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகப் பேசிவிட்டார்கள். நான் பேசப் போவது முதுகுத்தண்டில் அடிபட்டவர்களைப் பற்றி. நான் டாக்டர் இல்லை, பத்தாவது வரை படித்தவள். ஆனால் ஆறு வருஷமா எங்க வீட்டுக்காரரைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். அவர் கொத்தனார் வேலை. மாடி வீட்டுப் பூச்சு வேலையில சாரத்துல இருந்து விழுந்தவர். டாக்டர்கிட்டயும் பிசியோதெரபி பண்ற பொண்ணுகிட்டயும் கேட்டுக் கேட்டு நான் தெரிஞ்சுக்கிட்டதை இங்கே சொல்றேன். ஏன்னா நம்ம ஊர்கள்ல தென்னை மரம் ஏறுறவங்க இருக்காங்க, சாரத்துல நிக்கிறவங்க இருக்காங்க, கடலுக்குப் போறவங்க இருக்காங்க, இ.சி.ஆர். ரோட்டுல ராத்திரி பகலா வண்டியில போறவங்க இருக்காங்க. நாளைக்கு யார் வீட்டுக்கும் இது வரலாம்.

முதலில் தண்டுவடம் என்றால் என்ன என்று சொல்கிறேன். நாம கடைமடைக்காரங்க. மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்கன்னு செய்தி வந்தாலும் நம்ம அரசலாத்துக்கும் நாட்டாத்துக்கும் வந்து சேர எத்தனை நாள் காத்திருக்கோம். நடுவுல எங்கேயோ கரை உடைஞ்சா, அணையில எவ்வளவு தண்ணி இருந்தும் நம்ம வயலுக்கு வராது. உடம்பும் அப்படித்தான். மூளைதான் மேட்டூர். தண்டுவடம் ஆறு. காலும் விரலும் கடைமடை. சுண்டு விரல் கனம்தான் அந்தத் தண்டுவடம். நீளம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். மூளையில் ஆரம்பித்து, முதுகெலும்புக்குள்ளே இறங்கி, இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடுகிறது. கழுத்தில் அடிபட்டால் கை கால் இரண்டும் போகும். நடுமுதுகில் அடிபட்டால் கால்கள் போகும். எந்த இடமானாலும் சிறுநீர், மலம் அடக்கும் சக்தி பெரும்பாலும் பாதிக்கப்படும். இதைச் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம். ஆனால் வீட்டில் பாதி வேலை இதுதான்.

விழுந்த உடனே என்ன செய்கிறோம் என்பது முக்கியம். யாராவது விழுந்தால் நம்ம ஜனங்க ஓடி வந்து, கைக்கு ரெண்டு பேர் காலுக்கு ரெண்டு பேராத் தூக்கி, கிடைச்ச வண்டியில போட்டு ஓட்டுவாங்க. நல்ல மனசோடதான் செய்யுறாங்க. ஆனா எலும்பு உடைஞ்ச முதுகு வளைஞ்சா, உள்ளே தப்பிச்சிருந்த நரம்பும் நசுங்கிப் போகும். அதனால் ஆளை அசைக்கக் கூடாது. உட்கார வைக்கக் கூடாது. தண்ணீர் கொடுக்கிறேன் என்று தலையைத் தூக்கக் கூடாது. கழுத்துக்கு இரண்டு பக்கமும் கையை வைத்து ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்து, முதுகில் அடி என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் கிடந்தால் ஆபத்து, நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், நாலைந்து பேர் சேர்ந்து, தலை, கழுத்து, முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே மரக்கட்டை போல நேராக இருக்கும்படி ஒரே நேரத்தில் புரட்டி, ஒரு பலகையிலோ கதவிலோ படுக்க வைக்க வேண்டும்.

கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆழம் தெரியாத தண்ணீரில் தலைகீழாகப் பாயக் கூடாது. ப்ரீத்தி சீனிவாசன் என்ற பெண் தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைவியாக இருந்தவர். 1998-ல், 18 வயதில், தோழிகளோடு புதுச்சேரி கடற்கரைக்கு வந்தபோது அலையில் பாய்ந்தார். அந்த நொடியில் கழுத்துக்குக் கீழே எல்லாம் நின்றுபோனது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் பண்ணி ஸ்குரூ, கம்பி வச்சாங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் நடந்துடுவார்னு எங்க மாமியார் குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டாங்க. அப்போதான் டாக்டர் எங்களுக்கு விளக்கினார். அந்தக் கம்பி எலும்பை நிமிர்த்தி நிறுத்தத்தான். நரம்பை ஒட்ட வைக்கிற ஆபரேஷன் அது இல்லை.

அடிபட்டதில் இரண்டு வகை உண்டு. அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் துளிகூட இல்லாதது முழுப் பாதிப்பு. கொஞ்சமாவது இருப்பது அரைப் பாதிப்பு. இதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் ஊசியாலும் பஞ்சாலும் உடம்பெல்லாம் தொட்டுப் பார்ப்பார்கள். கடைசியாக மலவாயைச் சுற்றி உணர்ச்சி இருக்கிறதா, அதைச் சுருக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். தண்டுவடத்தின் கடைக்கோடி நரம்பு அங்கேதான் போகிறது. கடைமடையிலும் கடைமடை அது. அங்கே கொஞ்சம் ஈரம் இருந்தால் ஆறு முழுசாக அடைபடவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அசைவு திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். முதல் சில நாட்கள், சில வாரங்கள் தண்டுவடமே அதிர்ச்சியில் இருக்கும். கால் துணி மாதிரி தொய்ந்து கிடக்கும். அதை வைத்து முடிவு கட்டக் கூடாது.

சரி, அறுந்த நரம்பு மறுபடி வளருமா? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கையில் அரிவாள் பட்டு நரம்பு அறுந்தால், தைத்து விட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் மெல்ல வளரும். மூளையிலும் தண்டுவடத்திலும் அப்படி வளர்வதில்லை. அந்த நரம்புக்கு வளரவே தெரியாது என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். 1981-ல் கனடாவில் மான்ட்ரியல் நகரத்து விஞ்ஞானிகள், கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து எலியின் தண்டுவடத்துப் பக்கத்தில் பாலம் போல வைத்துப் பார்த்தார்கள். தண்டுவடத்து நரம்பு அந்தப் பாலத்துக்குள்ளே வளர்ந்து போனது. அதனால் வளரும் சக்தி அடியோடு இல்லாமல் போகவில்லை. தண்டுவடத்துக்குள்ளே இருக்கும் சூழ்நிலையும், அடிபட்ட இடத்தில் உண்டாகும் தழும்பும் தடுக்கின்றன என்று தெரிந்தது.

2004-ல் சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரத்தில் இன்னொன்றைக் கண்டார்கள். எலியின் தண்டுவடத்தைப் பாதி வெட்டியபோது, காலுக்குப் போக வேண்டிய நரம்புகள் வெட்டுக்கு மேலேயே பக்கக் கிளை விட்டன. வெட்டுப்படாமல் கீழே போகும் வேறு நரம்புகளோடு போய்ச் சேர்ந்து, சுற்று வழியில் காலுக்குச் செய்தி அனுப்பின. நம்ம ஊர்ல பெரிய வாய்க்கால் உடைஞ்சா பக்கத்துக் கன்னி வாய்க்கால் வழியாத் தண்ணியைத் திருப்பி விடுற மாதிரிதான். அதோடு இன்னொரு விஷயம். அந்தக் கிளைகள் முதலில் பல பக்கமும் போயின. 12 வாரத்தில், வெட்டைத் தாண்டிப் போன தொடர்புகள் நின்றன. தாண்டாத, உதவாத தொடர்புகள் உதிர்ந்துவிட்டன.

இதைத்தான் நரம்பு புது வழி போடுவது என்கிறார்கள். அறுந்தது ஒட்டுவது இல்லை இது. தப்பித்த சில இழைகள் புது வேலை கற்றுக்கொள்வது. அதற்குத் தினமும் பயிற்சி வேண்டும். தூர் வாராத வாய்க்கால்ல தண்ணி போகுமா? பிசியோதெரபி என்பது தூர் வாருவதுதான்.

எங்க வீட்டுல மூணாவது வாரம் வலது கால் கட்டை விரல் லேசா ஆடுச்சு. அன்னையிலிருந்து அந்தப் பொண்ணு சொன்னபடி, விரலைக் கண்ணால பார்த்துக்கிட்டே, "மடக்கு, நீட்டு"ன்னு மனசுல நினைச்சுக்கிட்டே செய்யச் சொல்வேன். சும்மா நாம பிடிச்சு ஆட்டினா மூட்டு இறுகாம இருக்கும், அவ்வளவுதான். புது வழி பிறக்க அவரும் முயற்சி பண்ணணும். காலையில நூறு, சாயங்காலம் நூறு. நாலாவது மாசம் ரெண்டு கம்பிக்கு நடுவுல நின்னார். எட்டாவது மாசம் காலிபர் போட்டு, வாக்கர் பிடிச்சு, கொல்லையிலிருந்து வாசல் வரைக்கும் நடந்தார். இடது கால் இன்னைக்கும் இழுத்துக்கிட்டுத்தான் வருது. தூரமாப் போகணும்னா வீல்சேர்தான். சிறுநீர் ட்யூப் வச்சுத்தான் எடுக்கணும். முழுசா வந்துடுச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். முதல் ஆறு மாதம், ஒரு வருஷம் வரை அசைவு வேகமாகத் திரும்பும். பிறகு மெதுவாகும். அதனால் அந்த முதல் வருஷத்தை வீணாக்கக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில மாதம் கழித்துக் கால் தானாகத் துள்ளும், வெட்டி வெட்டி இழுக்கும். "கால் வந்துடுச்சு, சாமி கண்ணைத் திறந்துடுச்சு"ன்னு வீடே கொண்டாடும். அது மூளை சொல்லி வரும் அசைவு இல்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கும் தண்டுவடம் மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் தானாகச் செய்வது. நாம் சொன்னபோது விரல் ஆடினால்தான் கணக்கு. அதே சமயம், கீழே உள்ள தண்டுவடம் சாகவில்லை என்பதற்கும் அதுதான் அடையாளம். தண்ணீர் வராவிட்டாலும் வாய்க்கால் அங்கேயே இருக்கிறது.

அடிபட்டவர்களைப் பிறகு கொல்லக்கூடியவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று படுக்கைப் புண், இன்னொன்று சிறுநீரில் வரும் கிருமி. முதல் உலகப் போர் காலத்தில் முதுகுத்தண்டு முறிந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்த இரண்டால்தான் செத்தார்கள். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் பொறுப்பேற்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். சிறுநீரைச் சுத்தமாக எடுக்கச் சொன்னார். ஆட்கள் பிழைத்தார்கள். அவர் நடத்திய விளையாட்டுப் போட்டிதான் பிறகு பாராலிம்பிக் ஆனது.

நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். படுத்திருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். வீல்சேரில் இருந்தால் அரை மணிக்கு ஒருமுறையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். தினமும் குளிப்பாட்டும்போது அடிமுதுகு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பார்க்க வேண்டும். சிவப்பு தெரிந்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது. டாக்டர் சொன்னபடி நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, சோப்புப் போட்டுக் கை கழுவி, ட்யூபால் சிறுநீர் எடுக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத காலுக்கு வெந்நீர்ப் பை, உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம் எதுவும் கூடாது. நம்ம வீட்டுப் பெரியவங்க பாசத்துலதான் கொடுப்பாங்க. தோல் வெந்து உரியுற வரைக்கும் அவருக்கே தெரியாது. கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால், உடனே உட்கார வைத்து, சிறுநீர் கட்டியிருக்கிறதா, ட்யூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது காத்திருக்கும் விஷயம் இல்லை.

இனி, கால் வராதவர்களைப் பற்றி. எவ்வளவு பயிற்சி செய்தாலும் முழுப் பாதிப்பு உள்ள பலருக்கு நடை திரும்புவதில்லை. அத்தோடு வாழ்க்கை முடிந்துவிட்டதா? காரைக்கால் அம்மையார் கைலாயத்துக்குக் காலால் போகவில்லை, தலையால் போனார் என்று மாங்கனித் திருவிழா நடத்துகிற ஊர்க்காரர்கள் நாம். போய்ச் சேர வழி ஒன்றுதானா?

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு காலும் போயின. அப்போது அவர் இளம் டாக்டர். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அந்த ஆபரேஷனே ஒரு புது வழிதான். விரலை அசைக்கும் நரம்பு செத்த பிறகு, வேறு வேலை செய்யும் நல்ல தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டுவார்கள். பிறகு நோயாளி அந்தத் தசைக்குப் புது வேலையைப் பழக்க வேண்டும். மேரி வர்கீஸ் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி வந்தார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் இப்படிப்பட்ட மையம் இந்தியாவில் அதுதான் முதல். 1972-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் இருக்கிறார். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயல் இழந்தவர். 1981-ல் அமர் சேவா சங்கம் ஆரம்பித்தார். தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரைத்தான் அதற்கு வைத்தார். அங்கே முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். 2020-ல் அவருக்கும் பத்மஸ்ரீ வந்தது. முன்னே சொன்ன ப்ரீத்தி சீனிவாசன் 2013-ல் திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ என்ற அமைப்பைத் தொடங்கினார். தன்னைப் போல அடிபட்டவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் பயிற்சியும் கொடுக்கிறார்கள். இந்த மூன்று பேருக்கும் கால் திரும்பவில்லை. ஆனால் எத்தனை பேரை எழுந்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

புது வைத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் லொசான் நகரத்தில் தண்டுவடத்து மேலே சின்ன மின்கருவி பொருத்தி, பயிற்சியும் கொடுத்து, சிலரை அடி எடுத்து வைக்கச் செய்திருக்கிறார்கள். அது 2018-ல் வெளியானது. 2023-ல் ஒருவருக்கு மூளையிலும் தண்டுவடத்திலும் கருவி வைத்து, நினைத்தபடி நடக்க வைத்தார்கள். இது ஆராய்ச்சி. நம்ம பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடைக்கும் வைத்தியமாக இன்னும் வரவில்லை.

இந்தச் செய்தியைக் காட்டித்தான் வியாபாரம் பண்றவங்க வர்றாங்க. எங்க வீட்டுக்கும் ஒருத்தர் வந்தார். பேர் வேண்டாம். ஸ்டெம்செல் ஊசி போட்டா ஆறு மாசத்துல ஓடுவார், ரெண்டு லட்சம் ஆகும்னார். எங்க மாமியார் தாலிக்கொடியைத் தவிர எல்லா நகையையும் எடுத்து வச்சுட்டாங்க. குழுக் கூட்டத்துல இந்தப் பேச்சு வந்தப்போ எங்க ஊக்குநர் அக்கா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "டாக்டர்கிட்ட கேட்டியா?" போய்க் கேட்டோம். முதுகுத்தண்டு அடிக்கு ஸ்டெம்செல் இன்னும் அங்கீகரிக்கப்பட்ட வைத்தியம் இல்லை, ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதல்படி ஆராய்ச்சியாக மட்டும்தான் செய்யலாம், ஆராய்ச்சியில் சேர்பவரிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது என்றார். பணம் கேட்டாலே சந்தேகப்படுங்கள். அந்த நகை தப்பிச்சுது. குழுவுல வாங்கிய 18,000 ரூபாய் கடன்ல வீல்சேர் வாங்கி, வாசப்படியைச் சரிவா இழைச்சு, கக்கூசுல கைப்பிடி வச்சோம். இப்போ வீட்டு வாசல்லயே பெட்டிக்கடை வச்சிருக்கார். கடன் அடைச்சாச்சு.

கடைசியாக ஒன்று. ஆண் விழுந்தால் பெண் பார்த்துக்கொள்கிறாள். பெண் விழுந்தால் யார் பார்க்கிறார்கள்? வண்டியில் ஒருபக்கமாக உட்கார்ந்து போய், சேலை சக்கரத்தில் மாட்டி விழுகிற பெண்கள் நம்மில்தான் இருக்கிறார்கள். பல பேரைத் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். "இனி இவளால குடும்பம் நடத்த முடியாது"ன்னு ஊரே தீர்ப்புச் சொல்லுது. அது தப்பு. அடிபட்டதும் மாதவிலக்கு சில மாதம் நிற்கலாம். பிறகு திரும்ப வரும். கர்ப்பமும் தரிக்கும். டாக்டர் கண்காணிப்பில் பிள்ளை பெறலாம். பெற்றவர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் பின்கட்டில் படுத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கும் வீல்சேர் வேண்டும், பயிற்சி வேண்டும், நம் குழுவில் ஓர் இடமும் வேண்டும்.

ஆகையால் இந்த ஆண்டு விழாவில் கூட்டமைப்பிடம் நான்கு கோரிக்கைகள் வைக்கிறேன். ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் இப்படிப் படுத்திருப்பவர்களை, முக்கியமாகப் பெண்களை, கணக்கெடுக்க வேண்டும். அவர்களுக்கு யு.டி.ஐ.டி. அட்டை வாங்கவும் சமூக நலத்துறையில் மனு கொடுக்கவும் கூடப் போக வேண்டும். வீல்சேருக்கும் சரிவுப் பாதைக்கும் தனிக் கடன் ஒதுக்க வேண்டும். வாரத்தில் ஒரு மதியம் ஓர் உறுப்பினர் போய் அந்த வீட்டில் உட்கார வேண்டும். பார்த்துக்கொள்கிறவள் அந்த நேரம் தூங்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து புரட்டுகிறவளுக்கு அந்தத் தூக்கம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

இதைத் தீர்மான நோட்டில் ஏற்றுமாறு தலைவி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.